கோல் போஸ்ட் செய்தவர்

1. மூக்கண்டப்பள்ளியில் வெல்டராக இருக்கும் ஒருவர், கம்பெனியில் கழித்த குழாய்களை வைத்து, தன் மகள் படிக்கும் பள்ளிக்குக் கோல் போஸ்ட் செய்து கொடுத்தார்.
2. பள்ளி அதைத் தரையில் பதிக்காமலே நிறுத்தியது.
3. அது சாய்ந்து என் மகளின் முதுகில் விழுந்தது.

அவர் தினமும் ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரிக்கு வருவார். ஒல்லியான மனிதர், தீப்பொறி பட்டுத் துளை விழுந்த சட்டை. வந்ததும் என் மகளின் கட்டிலை ஆட்டிப் பார்ப்பார். உட்கார மாட்டார்.

"ஸ்கூல் மேல கேஸ் போடுங்க மேடம்," என்றார் ஒருநாள்.

"பழிய உங்க மேல தள்ளிடுவாங்கண்ணா. ஜெயிலுக்குப் போவீங்க."

"போறேன். அந்தப் போஸ்ட்ட இன்னும் எடுக்கல மேடம். எம் பொண்ணு அங்கதான் ஆடுது."

என் மகளால் இன்னும் காலை அசைக்க முடியவில்லை. கேஸ் போடலாமா என்று கேட்ட வக்கீலுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.