எலிகளும் என் தம்பியும்

பெரம்பலூரில் ஒரு மருந்தியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். முனைவர் பட்டத்துக்கு நான் ஆராய்ந்தது எலிகளின் குடிப்பழக்கம். சொன்னால் சிரிப்பார்கள். "நம்மூர்ல குடிக்கிற மனுசனுக்கா பஞ்சம், எலிக்கு ஊத்திக் குடுத்துப் பாக்கணுமா?" என்று என் மாமியாரே கேட்டிருக்கிறார்.

கூண்டுக்குள் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அமுக்கினால் கொஞ்சம் சாராயம் வரும். ஓர் அறையில் வைத்து எலியை அதற்குப் பழக்குவோம். பிறகு வேறு அறை, வேறு தரை, வேறு வாசனை. அங்கே எவ்வளவு அமுக்கினாலும் ஒன்றும் வராது. எலி சலித்துப்போய் விட்டுவிடும், குடியையே மறந்த மாதிரி திரியும். அதைத் தூக்கிப் பழைய அறையில் விட்டால் போதும், சொட்டுச் சாராயம் இல்லாத கூண்டிலும் மறுபடி அமுக்கு அமுக்கென்று அமுக்கும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று கழிவறைக்குப் போய் அழுதேன். அப்போது என் தம்பி உடையார்பாளையத்தில் குடித்துக்கொண்டிருந்தான்.

எங்கள் பிறந்த வீடு அங்கேதான். அவன் முந்திரி வியாபாரம் பார்த்தான். கொட்டை பொறுக்கும் காலத்தில் முந்திரிக்காட்டிலேயே கிடப்பான், குடியும் அங்கேதான் பழகியது. ஒருவழியாகத் திருச்சியில் சேர்த்து வைத்தியம் பார்த்தோம். வெளியே வந்தவனை ஊருக்கு விடாமல் பெரம்பலூருக்கு அழைத்து வந்துவிட்டேன். பழைய அறைக்கு அனுப்பக் கூடாது என்பதுதான் நான் படித்த படிப்பு. அவனும் மறுக்கவில்லை. டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். என் மகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் அவன்தான். அவள் என்னைவிட அவனிடம்தான் ஒட்டிக்கொண்டாள். எனக்குப் பொறாமைகூட வந்தது.

மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. மொட்டையும் காதுகுத்தும் குலதெய்வம் கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்துத்தான். என் கணவரும் எங்கள் உறவு, அதே பக்கத்து ஆள். அவர்கள் முனியப்பன் இருப்பது அதே முந்திரிக்காட்டுக்குள். படையலில் பாட்டிலும் இருக்கும், கிடா விருந்தில் தம்பியின் பழைய கூட்டாளிகள் அத்தனை பேரும் இருப்பார்கள். வேறு கோயிலில் செய்யலாமா என்று வாயைத் திறந்ததற்கே மாமியார் ஒரு வாரம் பேசவில்லை.

கம்மல் செய்து வாங்கி வந்து என் கையில் கொடுத்தான் தம்பி. வேட்டிகூட எடுத்திருந்தான். அப்போதுதான் சொன்னேன். "நீ வர வேணாம்டா. அந்த எடம் ஒனக்கு ஆவாது." எலிகள், அறைகள் எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வது போல விளக்கினேன்.

பொறுமையாகக் கேட்டான். "ஏங்க்கா, அந்த எலிக்கு அக்கா மவ இருக்குதா?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. "சரிக்கா. நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

பெரியப்பா மகனை மடிக்கு உட்கார வைத்தோம். அவன் மேல் காலையிலேயே வாடை அடித்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் மகள் "மாமா, மாமா" என்று கத்தினாள். அந்த மாமனை அல்ல. சாப்பாட்டுப் பந்தியில் அதைவிடப் பெரிய அடி காத்திருந்தது. "சொந்தத் தாய்மாமன் வரலன்னா என்ன அர்த்தம்? மறுபடி ஆரம்பிச்சுட்டான்" என்று ஒரு அத்தை சொல்ல, நாலு பேர் தலையாட்டினார்கள். இல்லை, குடிக்கவில்லை என்று பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. குடிக்காதவனை எதற்கு விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டால் என்னிடம் எலிதான் பதில். தம்பிக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டே பின்வாங்கினார்கள்.

ஒன்றை நான் மறந்திருந்தேன். பழைய அறைக்குத் திரும்பிய எல்லா எலியும் அமுக்கவில்லை. சில எலிகள் நெம்புகோலைப் பார்த்துவிட்டு, மூலையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தன. சராசரி போட்டபோது அவை காணாமல் போயின. ஆய்வேட்டில் அவற்றுக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

பெண் வீட்டார் விலகிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் எங்கோ போன தம்பி சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். சட்டையெல்லாம் செம்மண் புழுதி.

"காட்டுக்குப் போயிட்டு வந்தேங்க்கா. முனியப்பன் கோயிலு, நாங்க குடிச்ச மரத்தடி, எல்லா எடத்துலயும் உக்காந்திருந்தேன். ஒண்ணும் ஆவல."

சந்தோஷம் பொங்கத்தான் செய்தது. ஆனால் வாய் பேசுவதற்கு முன்னால் என் முகம் அவன் முகத்துப் பக்கம் லேசாக நகர்ந்துவிட்டது. மூச்சை இழுத்து மோந்தும் பார்த்துவிட்டேன். அவன் அதைக் கவனித்துவிட்டான்.

கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குக் குனிவது போல என் உயரத்துக்குக் குனிந்து, வாயைத் திறந்து, என் முகத்தில் மெதுவாக ஊதினான்.

டீ வாசனைதான் அடித்தது.