கில்டேயின் தொப்பி

பெண்கள் வரிசையைப் பார்த்துத் தொப்பியைத் தூக்காமல் மார்ட்டின் கில்டே பேஸ்பால் ஆட்டத்தின் எந்தச் சுற்றிலும் முதல் பந்தை எறிய மாட்டான். ஆஷ்பரி சலவைக்கூடத்தில் சட்டைக் காலர்களுக்கு இஸ்திரி போடும் பெண்கள் அவர்கள். "ஏ கில்டே, இன்னைக்காவது தல வாரினியா?" என்று கத்துவார்கள். "உங்களுக்காக ரெண்டு தடவ வாரிட்டேன், கண்ணுங்களா!" என்பான். அப்புறம்தான் ஆட்டம்.

குள்ளன், கழுத்து தடித்தவன். முழு ஆட்டத்துக்கும் ஒரே பந்துதான் என்பதால், ஆறாம் சுற்றுக்குள் அது நசுங்கிக் கறுத்துவிடும். அதைக் காதோரம் வைத்து உலுக்கிப் பார்ப்பான். "இப்பதான் பழுத்திருக்கு" என்பான். ஆஷ்பரி அணியில் பந்தெறியும் இன்னொருவன் ஜூலையில் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிவிட்டதிலிருந்து எல்லா ஆட்டத்திலும் இவனேதான் எறிகிறான். இந்த ஆண்டு பெரிய லீக்கில் நாற்பது வெற்றி கண்டவர்கள் இரண்டே பேர். ஒருவன் இவன், மற்றவன் பாஸ்டனின் ரட்லெட்ஜ்.

மூன்று வாரமாக அவன் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. இது தெரிந்த ஒரே ஆள் அவன் பந்துகளைப் பிடிக்கும் ஸ்ட்ரோபல். வெறுங்கையால் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் இஞ்சிபோலக் கோணிப்போனவன். காலையில் கில்டேயின் காலர் பொத்தானை அவன்தான் மாட்டிவிடுகிறான்.

"ஒடஞ்ச வெரலு, செத்த கை. நல்ல ஜோடிடா நாம."

"ஆடாம நில்லுடா, கழுத்துல குத்திறப் போறேன்."

மட்டையோடு வருகிறவன் 'மேல' என்றோ 'கீழ' என்றோ கேட்பான். கேட்ட உயரத்தில்தான் எறிந்தாக வேண்டும். கோடை முழுக்கக் கில்டேயின் மேல் பந்து எல்லாரையும் மிரட்டியிருந்தது. அதனால் வருகிற அத்தனை பேரும் 'கீழ' என்றே கேட்டார்கள். இடுப்பிலிருந்து வீசினால் போதும், வலிக்காது. அந்தப் பயத்தை வைத்தே மூன்று வாரத்தை ஓட்டிவிட்டான், எமகாதகன்!

போன சனிக்கிழமை கடைசி ஆட்டம். எதிரே பாஸ்டன், வெல்கிற அணிக்கு லீக்கின் வெற்றிக் கொடி. எட்டுச் சுற்று வரை, குனிந்து தலையைக் கைக்குக் கொண்டுவந்து, வழக்கம்போல் வலது கையாலேயே தொப்பியைத் தூக்கிச் சமாளித்தான். ஆஷ்பரி இரண்டு, பாஸ்டன் ஒன்று. கடைசிச் சுற்றான ஒன்பதாவதில் பெண்கள் பலகை மேலேறி ஆர்ப்பரிக்க, சந்தோஷத்தில் தன்னை மறந்து இடது கையால் தூக்கிவிட்டான்.

பாஸ்டன் பெஞ்சில் தன் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த ரட்லெட்ஜ் துள்ளி எழுந்தான். "டேய், அவன் கை போச்சுடா! எல்லாரும் மேல கேளுங்க!"

கேட்டார்கள். முதல் ஆள் அடித்த அடியில், நான்கு தளங்களில் மூன்றாவது வரை ஓடிவிட்டான். நாலாவதைத் தொட்டால் ஆட்டம் சமம். அடுத்த இருவரும் ஓங்கி அடித்ததை ஆஷ்பரி ஆட்கள் எப்படியோ ஓடிப் பிடித்து அவர்களை வீழ்த்தினார்கள். இன்னும் ஒருவனை வீழ்த்தினால் கொடி. மட்டையோடு வந்தவன் ரட்லெட்ஜ்.

"மேல," என்றான். "கோவிச்சுக்காத கில்டே. எனக்கும் இதே வலிதான்."

ஸ்ட்ரோபல் ஓடிவந்தான். "முடியலன்னா விட்றா. தோத்தா தோத்துட்டுப் போறோம்."

"கேட்டுட்டான்டா. குடுக்காம எப்படி?"

கில்டேயின் கை மேலே எழுந்தது. அலறிக்கொண்டே எறிந்தான், கூட்டம் அதை வீர முழக்கம் என்று நினைத்துச் சேர்ந்து அலறியது. ரட்லெட்ஜின் மட்டை காற்றைத்தான் அடித்தது. மூன்று முறை இப்படித் தவறினால் அவன் வெளியே. இரண்டாவது பந்துக்கும் அதே கதி. மூன்றாவது பந்தை ஸ்ட்ரோபல் கண்ணால் பார்க்கவேயில்லை. ரட்லெட்ஜ் சுழன்று தடுமாற, பந்து ஸ்ட்ரோபலின் கையில் வந்து அறைந்து ஒரு விரலைக் கிழித்தது. பந்தை அவன் விடவில்லை.

ஜெயித்தாயிற்று! வேலியைத் தாண்டி ஊரே மைதானத்துக்குள் பாய்ந்தது. "தொப்பி! தொப்பி!" என்று பலகை மேல் நின்று கூவினார்கள் பெண்கள்.

கில்டே வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்தபடி நடந்து வந்தான். ஸ்ட்ரோபலின் முன்னால் நின்று தலையைக் குனித்தான். ஸ்ட்ரோபல் ரத்தம் சொட்டும் விரல்களால் அந்தத் தொப்பியை எடுத்து, பெண்கள் பக்கம் திரும்பி, கை எட்டுமட்டும் உயர்த்திக் காட்டினான்.