ஆடிப் பதினெட்டில் ஒரு தீ ஒத்திகை

குமாரபாளையம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் துண்டு நெய்யும் மில்லின் மேலாளர். தீயணைப்பு ஒத்திகைப் பதிவேட்டில், வரிக்கு வரி பேனாவை மாற்றி, தொழிலாளர்களின் கையெழுத்துகளை அவரே போட்டுக்கொண்டிருந்தார். தேதிகள் மட்டும் பென்சிலில் இருந்தன.

“துண்டு வாங்குற கம்பெனிக்காரங்க நாளைக்கு ஆய்வுக்கு வாராங்க. ஒத்திகை நடக்கலீன்னா ஆர்டர் போயிருமுங்க.”

நான் ஒரு தேதியைத் தொட்டேன். “இது ஆடிப் பதினெட்டு. அன்னைக்குத் தறி ஓடாதே?”

அவர் என் பையைச் சந்தேகமாகப் பார்த்தார். “நீங்க அவங்க ஆளுங்களா?”

“இல்லீங்க.”

“அப்ப மத்த தேதியையும் பாத்துச் சொல்லுங்க சாமி.”

இன்னும் இரண்டு விடுமுறை நாட்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அழித்து எழுதினார்.

அவர் கும்பிட்டு இறங்கிய பிறகுதான், அந்த மில்லுக்கு அவசர வாசல் உண்டா என்று நான் கேட்கவே இல்லை என்பது உறைத்தது.