அறுபது கிலோ பேஷன்ட்

அறுபது கிலோ மணல்மூட்டையை வண்டியில் கிடத்தி, குறுக்கே கயிறு போட்டு இறுக்கி, அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவார் இன்ஜினியர். “பேஷன்ட் ரெடி. தள்ளு!”

சாலை போகாத ஊர்களிலிருந்து நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு வர மலிவாக ஒரு வண்டி. மூன்று வருடமாக வெல்டிங் பட்டறையின் பின்புறத்தில் இதே தவம். சட்டைப்பையில் நான்கு பென்சில்கள் இருக்கும். வரைவதைவிட, வரைந்ததை அடிப்பதற்கே அவை தேய்ந்தன. ஸ்பிரிங்கை அடித்தார், மெத்தையை அடித்தார், மேற்கூரையையும் அடித்தார். “ஏழைங்க வாங்கணும்ல? சிம்பிளா இருக்கணும்” என்பார். அவர் மட்டும் இடுப்பு வலி என்று நாற்காலியில் இரண்டு தலையணை போட்டுத்தான் உட்காருவார். ஏழைகளுக்கு இடுப்பு கிடையாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

பட்டறைக்காரர் ஒருமுறை வாய் திறந்தார். “சார், ஒரு ஆளைப் படுக்க வச்சுப் பாக்கலாமே?”

“மூட்டை ஏதாவது கம்ப்ளெயின்ட் பண்ணுச்சா?”

“அதுக்கு வாயே இல்லையே சார்.”

“அப்போ பாஸ்!”

போன வாரம், பட்டறைக்காரரையும் கூட்டிக்கொண்டு, முதல் வண்டியை ஓர் ஊருக்குக் கொண்டுபோனார் இன்ஜினியர். அங்கிருந்து பஸ் வரும் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், வழியெல்லாம் கல்லும் பள்ளமும். வண்டிக்காகக் காத்திருந்த அம்மாளின் இளைய மகளுக்குப் பத்து நாளில் பிரசவம். அம்மாள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இதுலயா என் பொண்ணு போகணும்?”

“பயப்படாதீங்கம்மா. நூறு தடவை டெஸ்ட் பண்ணியாச்சு.”

“மூத்தவளைக் கட்டில்ல தூக்கிட்டுப் போனோம். பாதி வழியிலயே பெத்துட்டா, குழந்தை தங்கல.” அவள் குரல் உயரவில்லை. “நீங்க ஒருவாட்டி படுங்க தம்பி. நான் தள்றேன்.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, சிரிக்க முயன்றபடி படுத்தார். கயிற்றோடு வந்த பட்டறைக்காரரைக் கையசைத்து விரட்டினார்.

முதல் கல்லில் “மெதுவா” என்றார். அடுத்த கல்லில் “அம்மா!” என்றார், அவளைக் கூப்பிட்டாரா, வலியில் கத்தினாரா என்பது அவருக்கே தெரியாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் இரண்டு கைகளும் பிடிமானம் தேடிப் பக்கவாட்டில் துழாவின. அப்படி ஒன்றை அவர் வரையவே இல்லை. மூட்டை எதைப் பிடித்துக்கொள்ளப் போகிறது?

துழாவிய ஒரு கை, தலைமாட்டிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தவளின் மணிக்கட்டைக் கண்டுபிடித்து இறுகப் பற்றிக்கொண்டது. அவள் கையை உதறவில்லை. வண்டியை நிறுத்தவும் இல்லை.