கண்ணன் போன வீடு

கொட்டாஞ்சேனை மாடிவீடுகளில் யோகேஸ்வரியின் வாய்க்குத் தப்பியவர் எவருமில்லை. வெண்ணெய் திருடும் கண்ணனைப் பாடும்போதுகூட இடையில் நிறுத்தி, "களவும் எடுத்துப்போட்டுச் சிரிப்பு வேற!" என்று அவனையும் ஏசுவாள். துணி காயப்போட்ட சண்டையில், எதிர்வீட்டுக் கொன்ஸ்ரன்ஸோடு ஆறு மாதமாகப் பேச்சில்லை.

கிருஷ்ண ஜெயந்தியன்று மாக்கரைசலில் கைமுட்டியைத் தோய்த்து, கண்ணன் வாசலிலிருந்து சாமியறைக்கு நடந்து வருவதுபோலக் குட்டிப் பாதங்கள் பதிக்க வேண்டும். இம்முறை ஈரத்தை மிதிக்காமலிருக்கச் சாமியறையில் தொடங்கினாள். பாட்டும் ஏச்சுமாகக் குந்தியபடியே பின்னால் நகர்ந்தவள், முதுகு எதிர்வீட்டுக் கதவில் இடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். பதித்த பாதங்களின் விரல்களையெல்லாம் தன் பக்கமாகவே வைத்திருந்தாள். கண்ணன் அவள் வீட்டிலிருந்து கிளம்பி, நேரே கொன்ஸ்ரன்ஸ் வீட்டுக்குப் போயிருந்தான்.

துடைப்பதற்குள் கதவு திறந்தது. கொன்ஸ்ரன்ஸ் தரையைப் பார்த்தாள். உள்ளே போய், ஒரு பட்டர் கட்டியோடு திரும்பி வந்தாள்.

"நீங்க பாடுறதக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். இவனுக்கு இதுதானே விருப்பம்?"

யோகேஸ்வரி அதை வாங்கி ஓரமாக வைத்தாள். மறுபடி கைமுட்டியைத் தோய்த்து, அந்த வாசலிலிருந்து தன் வீட்டுக்கு இன்னொரு வரிசை பதித்தாள். வயிறு நிறைந்தவன் அல்லவா, அடிகளைக் கொஞ்சம் நெருக்கியே வைத்தாள்.