ஐஸ்பெட்டிக்காரியின் கட்டி

என் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் ஐஸ்பெட்டி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஐஸ்பெட்டியோடு நிற்பதுதான் அவள் வேலை. தசையிலோ கொழுப்பிலோ வளர்ந்த கட்டியை டாக்டர் வெட்டி எடுத்ததும் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடுவாள். உடனே உறைய வைக்காவிட்டால், வெட்டிய பிறகும் கட்டி சும்மா இருக்காதாம். கொழுப்பு அமிலத்தை எடுத்து, 'வீங்கு, வளரு, ரத்தக்குழாயை இந்தப் பக்கம் இழு' என்று பக்கத்து செல்களுக்குச் சொல்லும் சமிக்ஞைப் பொருளாக மாற்றிக்கொண்டே இருக்குமாம். எந்தக் கட்டி எவ்வளவு செய்கிறது என்று அளப்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி.

சில வலி மாத்திரைகள் அந்த வேலையை நிறுத்திவிடும். அதனால் நோயாளிகளிடம் முதலிலேயே கேட்பாள். மாத்திரை போட்டவர்களின் கட்டி ஆராய்ச்சியில் சேராது.

போன வருஷம் அவள் தொடையிலேயே ஒரு கட்டி வந்தது. அபூர்வ வகை, அவர்களுக்கு அதுவரை கிடைக்காதது. அழவேண்டியவள், "என்னோடதையும் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். டாக்டர் கொடுத்த வலி மாத்திரை அந்த வகை என்பதால் அலமாரியில் தூங்கியது. அதற்குப் பதிலாக வேறொன்று கொடுத்தார்கள். அவள் வலிக்கு அது எந்த மூலைக்கு? தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் கணவர், பஸ் ஓட்டும் மாமா, ராத்திரி பால் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பார்.

பிறகு திடீரென்று நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள். "மனசு வெச்சா வலியாவது ஒண்ணாவது" என்று எங்களிடம் பீற்றிக்கொண்டாள்.

ஆபரேஷன் அன்று, அவளோடு வேலை செய்யும் பெண் ஐஸ்பெட்டியோடு வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"என்கிட்டயேவா? நல்லா கேட்ட போ. ஒண்ணுகூட போடல."

மாமா முன்னால் வந்தார். "போட்டிருக்கா," என்றார். "தினமும் பால்ல நான்தான் பொடிச்சுக் கலந்து குடுத்தேன். நேத்தும் குடுத்தேன்."

அக்கா பார்த்த பார்வையில் நான் பின்வாங்கினேன். டாக்டர் வந்து மாமாவை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த மாத்திரை ரத்தம் உறைவதையும் கெடுக்குமாம். ரத்தம் சரியாக உறைகிறதா என்று சோதித்துவிட்டு, ஆபரேஷன் செய்யலாம் என்றார். ஐஸ்பெட்டி காலியாகத் திரும்பிப் போனது.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"ஆமா, சொல்லுவேன். அது என் கட்டிங்க."

"நீ பக்கத்துல படுத்து முனகுறப்ப என்னால முடியலடி," என்றார்.

அக்கா அழுதாள். கட்டி வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். கட்டிலை உள்ளே தள்ளத் தொடங்கியதும் அவர் கையைப் பிடித்தாள்.

"வெளிய வந்ததும் வலிக்கும். மாத்திரைய என் கையில குடுங்க. பால்ல வேணாம்."