டீச்சரம்மா எடுத்த டைமண்ட் கட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்ட அசதியில் செத்த நேரம் படுத்திருந்தேன். அண்ணன் மகள் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அத்தை, இந்தக் குயில்ட்டுக்கு எந்தத் தையல் நல்லாருக்கும்? சீக்கிரம் சொல்லுங்க, ஆஃபர் முடியப் போகுது."

கையால் பூவேலை செய்த பஞ்சுப் போர்வையாம். மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே ஒரு துணி, இந்த மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல் எந்த டிசைனில் ஓட வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாமாம். அலை, சிப்பி, கட்டம், சுருள் என்று விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. படத்தில் இருந்த ரோஜாவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அத்தனை ரோஜாவும் ஒரே அச்சு. ஒரே இடத்தில் ஒரே வளைவு. எந்தக் கை அப்படித் தைக்கும்? மெஷினுக்குக் கை என்று பெயர் வைத்திருப்பார்கள் போல.

"எதையாச்சும் போடு. திண்டுக்கல் வெயிலுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்" என்றேன். ஏசி போட்டுக்கொண்டு போர்த்துவாளாம். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் குயில்ட் டிசைன் காட்டிப் பிழைத்தவள்தான். கோயிலுக்குப் பின்னால் கன்னியர் மடத்து சிஸ்டர்மார் நடத்திய எம்பிராய்டரி சென்டரில் எனக்கு 'டிசைனர்' என்று பெயர். பெயரைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். டிரேசிங் பேப்பரில் பூவை வரைந்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, துணிமேல் வைத்து, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்க்க வேண்டும். ஓட்டை வழியாக நீலப்புள்ளி இறங்கும். அவ்வளவுதான் டிசைனர். சாயங்காலம் பஸ் ஏறினால் பக்கத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். கண்டக்டர் ஒருநாள், "ஏம்மா, ஸ்டவ்வ எங்க மறச்சு வச்சுருக்க?" என்று கேட்டார். அந்த வாசனை துணியை விட்டுப் போய்விடும், என் கையை விட்டுப் போகாது. கல்யாண வீட்டில் பிரியாணியை வாய்க்குக் கொண்டுபோனாலும் முதலில் மண்ணெண்ணெய்தான் வரும்.

அங்கே தைத்த குயில்ட்டெல்லாம் கொடைக்கானல் மேலே பங்களா வைத்திருந்தவர்களுக்குப் போகும். கீழே இருக்கிற நாங்கள் வேர்த்து விறுவிறுத்துத் தைப்போம். ஒருத்திக்கும் அதைப் போர்த்திக்கொள்ளும் ஆசை வந்ததில்லை, ஸ்டெல்லாவைத் தவிர.

ஸ்டெல்லா தாடிக்கொம்புப் பக்கம். அவள் அப்பாவுக்கு ஒரு பூந்தோட்டம் இருந்தது. அவள் கல்யாணத்துக்காக அதை விற்றார். விற்பது என்று முடிவானதும் இவள் சென்டரில் ஒரு வெள்ளைத் துணியை வாங்கிக்கொண்டாள். வேலை நேரம் முடிந்த பிறகு, அந்தத் தோட்டத்தைத் தைக்க ஆரம்பித்தாள். கனகாம்பரம், செவ்வந்தி, மருக்கொழுந்து, நடுவில் பெரிய கோழிக்கொண்டை. என்னிடம் டிசைன் கேட்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், டிசைனர் அல்லவா. ஆனால் பார்த்ததும் வருத்தம் போன இடம் தெரியவில்லை. பூச்சி அரித்த இலைகூட அப்படியே இருந்தது. "இது எதுக்குடி?" என்றேன். "அது எங்க தோட்டத்து எலைக்கா. அப்படித்தான் இருக்கும்" என்றாள். புகுந்த வீட்டுக்கு அதை மட்டும் தன்னுடையது என்று கொண்டுபோக வேண்டும் என்பது அவள் ஆசை.

பூவேலை முடிந்து, பஞ்சு வைத்துத் தைக்க வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வொரு பூவையும் சுற்றி, பூமேல் ஊசி படாமல், இலையின் ஓரத்தோடு தையல் ஓட வேண்டும் என்று அவள் மனதில் வைத்திருந்தாள். அப்போது சென்டருக்கு வந்து சேர்ந்தார் டீச்சரம்மா, மாப்பிள்ளையின் அம்மா.

எங்கள் பக்கம் சீர்ச்சாமானில் ஒரு நியாயம் உண்டு. வாங்கித் தருவது பெண் வீடு, எடுப்பது மாப்பிள்ளை வீடு. கட்டிலுக்குக் கால் எப்படி, பீரோவுக்கு நிறம் என்ன, எல்லாம் அவர்கள் சொல்வதுதான். வெட்கமே இல்லாத நியாயம். ஆனாலும் பெண் கையால் தைத்ததற்குமா? ஆமாம் என்றார் டீச்சரம்மா. "கட்டிலு எங்க வீட்டுக் கட்டிலு. மேல விரிக்கிறத நாந்தானம்மா பாக்கணும்?"

தலைமையாசிரியையாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆயுசு முழுக்க அடுத்தவர் நோட்டில் சிவப்புக் கோடு போட்டே பழகிய கை. பக்கத்தில் மாப்பிள்ளை என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வாயில் கொழுக்கட்டை.

தையல் டிசைன்களைப் பட்டர் பேப்பரில் வரைந்து வைத்திருப்போம். ஒவ்வொன்றாகப் பூவேலையின் மேல் விரித்துக் காட்ட வேண்டும். கோடு மேலே தெரியும், பூ அடியில் மங்கலாகத் தெரியும். பூவைச் சுற்றி ஓடுகிற பேப்பரை முதலில் விரித்தேன். டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா, இம்புட்டு எடம் சும்மா கெடக்கு? காசு குடுத்துத் தைக்கிறோம், நெறயக் கோடு வர்றதாப் போடு."

காசு கொடுத்தது ஸ்டெல்லாவின் அப்பா. அதை அங்கே யார் சொல்வது?

அலையை விரித்தேன். போதாது. சிப்பியை விரித்தேன். போதாது. கடைசியில் தானே ரோல்களைக் குடைந்து, எல்லாவற்றிலும் நெருக்கமான டைமண்ட் கட்டத்தை எடுத்தார். அது பூவில்லாத வெறும் துணிக்காக வரைந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாய்வாக, எது குறுக்கே வந்தாலும் வெட்டிக்கொண்டு போகும்.

"அத்தை, பூ மேல ஊசி ஏறுனா அமுங்கிப் போயிருமே" என்றாள் ஸ்டெல்லா.

"அமுங்குனா என்னம்மா? மட்டமா, சீராத்தான இருக்கும். கெட்டியாவும் இருக்கும்."

அவர் பேப்பரைத்தான் பார்த்தார், கடைசிவரைக்கும். அடியில் இருந்த துணியை ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்கவில்லை. அத்தனை வருஷம் பாடம் நடத்திய அறிவு, கோடு நிறைய இருந்தால் விலை ஜாஸ்தி என்பதோடு நின்றுவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. கூட நின்ற சிஸ்டர் மட்டும் மெதுவாக, "பொண்ணோட ஆசை..." என்று இழுத்தார். "ஆசயெல்லாம் அவங்கப்பா வீட்டோட சரிங்க சிஸ்டர்" என்று டீச்சரம்மா முடித்துவிட்டார். மாப்பிள்ளை வாட்ச் பார்த்தார்.

ஸ்டெல்லா அதைத் தானே தைத்தாள். வேறு யாரையும் தொடவிடவில்லை. கனகாம்பரம் அமுங்கியது. செவ்வந்தி நாலாகப் பிளந்தது. கோழிக்கொண்டை எதுவென்றே தெரியாமல் போனது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை அவள். நான்தான் மண்ணெண்ணெய்க் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு எரிச்சல் தாங்காமல் குழாயடிக்கு ஓடினேன்.

அந்த வீட்டில் யாரும் அதைப் போர்த்தவும் இல்லை. டீச்சரம்மா பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்துருண்டையோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். விருந்தாளி வந்தால் எடுத்து விரித்து, "நான் பாத்துப் பாத்து எடுத்த டிசைன்" என்பார். தைத்தவள் காப்பித் தட்டோடு பக்கத்தில் நிற்பாள்.

இப்போது சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கடை. ஸ்டெல்லா அப்பாவின் தோட்டம் கல் நட்டு வீட்டுமனையாகிவிட்டது. ரேஷனில் மண்ணெண்ணெயும் கிடையாது. இதற்கெல்லாம் நான் ஒப்பாரி வைக்கப் போவதில்லை.

டீச்சரம்மா சில மாதங்களுக்கு முன் இறந்தார். கடைசி நாட்களில் குளிர்க்காய்ச்சல். ஸ்டெல்லாதான் பீரோவைத் திறந்து குயில்ட்டை எடுத்துப் போர்த்தினாளாம். அடக்கம் முடிந்த மறுநாள் துக்கம் கேட்கப் போயிருந்தேன். செத்தவர் படுத்த படுக்கையை வீட்டில் வைப்பதில்லை அல்லவா, பாய், தலையணையோடு குயில்ட்டும் வாசலில் கிடந்தது.

"ஐயோ, புதுசு மாதிரி இருக்கேம்மா, தொவச்சு வச்சுக்கலாமே" என்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி அங்கலாய்த்தாள். கிழவிக்குக்கூட அவள் அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். எனக்கும் கை துறுதுறுத்தது. குனிந்து ஒரு முனையைப் பிடித்தேன்.

"விடுங்கக்கா" என்றாள் ஸ்டெல்லா. "அன்னைக்கே அது அவங்க போர்வ ஆயிருச்சு. அவங்களோட போகட்டும்."

குப்பை வண்டி வந்து எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக்கொண்டு போனது. அவள் உள்ளே போய், காலியாகக் கிடந்த கட்டிலைத் துடைத்து, அந்த வீட்டில் முதல் தடவையாகத் தன் இஷ்டத்துக்கு ஒரு விரிப்பை எடுத்து விரித்தாள். வெள்ளை விரிப்பு. அதில் பூ ஒன்றும் இல்லை.